வடியாத நீர், விளையாத நிலம்

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் இரண்டாவது வாரத்தில் இரண்டு செய்திகள் ஒன்றையொன்று அறியாமல் வெளிவந்தன. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு வேளாண்மை அமைப்பு பாங்காக் நகரில் வெளியிட்ட அறிக்கை, பூமியில் சுமார் 138 கோடி ஹெக்டேர் நிலம், அதாவது மொத்த நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான பரப்பு, உப்பினால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று கூறியது. அதே வாரத்தில் பெய்த பெருமழையில் குற்றாலத்து அருவிகள் கட்டுக்கடங்காமல் கொட்டின. சிற்றாறு கரைபுரண்டு ஓடிற்று. தென்காசி வட்டாரத்துத் தாழ்ந்த வயல்களில் நீர் ஏறி நின்றது.

முதற்செய்தியைப் படித்தவர்கள் அது ஏதோ பாலைவன தேசங்களின் விவகாரம் என்று எண்ணியிருக்கக்கூடும். இரண்டாவது செய்தியைப் படித்தவர்கள், மழை நின்றதும் தீர்ந்துபோகும் சங்கடம்தானே என்று மறந்திருக்கக்கூடும். உண்மையிலோ, வயலில் ஏறிய நீர் வடியாமல் நிற்பது ஒரு நோயின் ஆரம்பம். பல வருஷங்களுக்குப் பின் அந்த வயலில் உப்புப் பூப்பது அந்நோயின் முதிர்ச்சி.

மலையுச்சியிலிருந்து மூலிகைகளின் வேரைத் தழுவி இறங்கி, பேரருவியாகவும் ஐந்தருவியாகவும் பழைய குற்றாலத்து அருவியாகவும் விழுந்து, சிற்றாற்றிலும் அதன் துணையாறுகளிலும் திரண்டு, அணைக்கட்டிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து குளத்துக்கும், குளத்து மடையிலிருந்து வயலுக்கும் வந்து சேரும் நீர் இனிய நீர். அதில் உப்பு மிகச் சொற்பம். அத்தகைய நீரைக் குடித்து வளர்ந்த நிலமும் உப்புப் பூக்குமா என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், நாம் செய்யவேண்டிய காரியங்களும் தெரிந்துவிடும்.

கரையடியில் ஒரு நடை

மாசி மாதத்தில், பிசானப் பருவத்து நெல் அறுவடை முடிந்து வைக்கோலும் வீடு சேர்ந்த பிறகு, சிற்றாற்றுப் பாசனத்தில் ஏதேனும் ஒரு குளத்தின் கரையிலிருந்து வயலுக்குள் இறங்கி நடந்து பாருங்கள். எல்லாக் குளத்தடியிலும் இப்படி இராது என்றாலும், தேடுகிற கண்ணுக்கு அகப்படாமலும் போகாது.

கரையை ஒட்டிய முதல் வயலில், மடை அடைத்துப் பல நாளாகியும், தாளடியில் ஈரம் நிற்கிறது. கால் கணுக்கால் வரை புதைகிறது. எடுத்த அடிச்சுவட்டில் ஊறும் நீரின்மேல் துருவின் நிறத்தில் ஒரு படலம் மிதக்கிறது. அழுகிய முட்டையின் வாடை லேசாக வீசுகிறது. கோரையும் சம்பும் அங்கே குடியேறியிருக்கின்றன.

இன்னும் சில வயல்கள் தாண்டி, வெயிலில் காய்ந்து கிடக்கும் ஒரு தாழ்வான இடத்தில், வரப்பின் தோளிலும் கட்டிகளின் முனையிலும் கோலமாவு சிந்தியதுபோல வெள்ளைப் பூப்பு. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கிறது. வேறோரிடத்தில் வெள்ளை இல்லை. மண்ணின் மேல் கறுத்த எண்ணெய்க் கறை போன்ற படிவு மட்டும் இருக்கிறது. அங்கே மண்வெட்டியைப் போட்டால் செங்கல்லில் போட்டதுபோல ஒலிக்கிறது. அதே மண், மழை பெய்தால் சோப்புக் கட்டியைப்போல் வழுக்கும்.

மூன்று நோய், மூன்று பெயர்

நடந்து பார்த்த மூன்று இடங்களும் மூன்று தனித்தனி நோய்கள். முதலாவது நீர்த்தேக்கம், ஊறல் நிலம் என்பார்கள். மண்ணின் துளைகளில் காற்று இருக்கவேண்டிய இடத்தையெல்லாம் நீர் அடைத்துக்கொள்வதால் வேர் மூச்சு முட்டி அழுகுகிறது.

இரண்டாவது உவர். நீரில் கரையும் உப்பு வேர் மண்டலத்தில் மிகுந்துவிடுவதால், மண்ணில் ஈரம் இருந்தும் அதைப் பயிர் உறிஞ்ச முடிவதில்லை. கடல் நடுவே நிற்பவனுக்குத் தாகம் எடுப்பது போன்ற நிலை அது.

மூன்றாவது களர். இங்கே கேடு செய்வது சோடியம். அது களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு, அவற்றின் கட்டுக்கோப்பைக் குலைத்து, துளைகளை அடைத்து, நீர் இறங்கவும் காற்று புகவும் வேர் செல்லவும் வழியில்லாமல் செய்துவிடுகிறது. மண் பரீட்சைச் சீட்டில் கார அமில நிலை 8.5க்கு மேல் இருந்தால் களர் என்று சந்தேகிக்கலாம்.

கர்னாலிலுள்ள மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டுள்ள கணக்கின்படி, தமிழ்நாட்டில் சுமார் 3.68 லட்சம் ஹெக்டேர் நிலம் உப்பினால் கெட்டிருக்கிறது, அதில் 3.54 லட்சம் ஹெக்டேர் களர் நிலம். கடலோரத்து உவரைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். ஆனால் நம் மாநிலத்தின் பெருநோய் உள்நாட்டுக் களரே.

இந்த வித்தியாசம் பண்டிதர்களுக்கு மட்டும் உரியதன்று. உவர் நிலத்துக்கு நீரே மருந்து. களர் நிலத்துக்கு நீர் மட்டும் போதாது, ஜிப்சமும் வேண்டும். ஊறல் நிலத்துக்கு இரண்டுக்கும் முன்னால் வடிகால் வேண்டும். நோய் எது என்று அறியாமல் மருந்து வாங்குகிறவன் பணத்தையும் பருவத்தையும் சேர்த்து இழக்கிறான்.

திரியில் ஏறும் எண்ணெய்

அகல்விளக்கின் திரியில் எண்ணெய் தானே மேலேறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மண்ணின் நுண்ணிய துளைகளும் அத்தகைய திரிகளே. நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும்வரை திரியின் நுனி அதற்கு எட்டாது. அது மேற்பரப்பிலிருந்து ஐந்தாறு அடிக்குள் ஏறிவிட்டால், வெயில் காயும் ஒவ்வொரு நாளும் திரி நீரை மேலே இழுக்கும். நீர் ஆவியாகிப் போகும். அதில் கரைந்திருந்த உப்பு போகாது. இனிய நீர் பாயும் நிலமும் உப்புப் பூப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் காரியம் இன்னும் துரிதமாகிறது. ஓர் ஏக்கரில் இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் கட்டினால் ஏறக்குறைய இரண்டு லட்சம் லிட்டர் ஆகும். லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள நீரானால், ஒரு முறை பாய்ச்சும்போதே இருநூறு கிலோ உப்பு, அதாவது ஐம்பது கிலோ மூட்டை நான்கு, வயலில் இறங்குகிறது. பத்து முறை பாய்ச்சினால் இரண்டு டன். உரமூட்டையை எண்ணி இறக்குகிற நாம், நீரோடு வந்து இறங்கும் இந்த மூட்டைகளை எண்ணுவதே இல்லை.

தென்காசிச் சீமையில் இரண்டு நிலைமைகளும் உண்டு. மலையடிவாரத்திலும் குளத்தங்கரைகளின் கீழும் ஊறலே தொல்லை. கிழக்கே போகப்போக, மழை குறைந்து, செம்மண் முடிந்து கரிசல் தொடங்கும் சங்கரன்கோவில் பக்கங்களில், கிணற்று நீரின் சவரும் மண்ணின் களருமே தொல்லை. சிற்றாற்றோடு கலக்கும் ஓர் ஓடைக்கு உப்போடை என்று பெயர் வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். பெயரிட்டவர்கள் நாக்கில் வைத்துப் பார்த்தே பெயரிட்டிருக்க வேண்டும்.

வடிகால் மறைந்த விதம்

கடனாநதி, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என ஐந்து அணைகளையும், ஒன்றன் மறுகால் மற்றொன்றின் வரத்துக்காலாக அமைந்த குளச் சங்கிலிகளையும் உடையது இந்த மாவட்டம். சாரல் காலத்தில் காரும், ஐப்பசி கார்த்திகை மழையில் பிசானமும் விளையும் இரட்டைப் பருவத்து நாடு இது. இத்தகைய நாட்டில் நீர் வருவதற்கு எவ்வளவு சாமர்த்தியம் வேண்டுமோ அவ்வளவு சாமர்த்தியம் அது போவதற்கும் வேண்டும் என்பதை அறிந்தே, வாய்க்காலை மேட்டிலும் வடிகாலைப் பள்ளத்திலும் வெட்டி வைத்தார்கள் முன்னோர்.

பின்னால் வந்த நாம் வாய்க்காலுக்காக வழக்காடினோம்; வடிகாலை மறந்தோம். பாசன வாய்க்காலில் ஒரு முழம் அடைபட்டால் ஊரே திரண்டு வரும். வடிகாலில் ஒரு பர்லாங்கு அடைபட்டாலும் யாரும் கேட்பதில்லை. ஏனெனில் அதனால் கெடுவது தாழ்ந்த வயல்காரன் ஒருவன் மட்டுமே, அதுவும் உடனே அன்று, சில வருஷங்கள் கழித்து.

ஒருவர் வரப்பைக் கொஞ்சம் நகர்த்துகிறார். அடுத்தவர் ஓடைப் புறம்போக்கில் நான்கு தென்னை வைக்கிறார். மற்றொருவர் வயலை மனையாக்க லோடு லோடாகச் சரள் அடித்து நிரப்புகிறார். வேலிக்கருவை மீதியைப் பார்த்துக்கொள்கிறது. திருநெல்வேலி–தென்காசி நான்குவழிச் சாலையைப்போலச் சாலைகள் அகலமும் உயரமும் ஆகிவரும் காலம் இது. சாலையின் குறுக்கே நீர் கடக்கும் சிறுபாலம் ஓர் அடி உயரமாக அமைந்துவிட்டால்கூட, அதன் மேற்புறத்து வயல்களில் அந்த ஓர் அடி நீர் நிரந்தரமாகத் தங்கிவிடும் என்பதை, வரைபடம் போடுகிறவர்கள் வயலில் இறங்கிப் பார்த்தாலன்றி உணர்வது கடினம்.

விவசாயிகளாகிய நம் பழக்கமும் நிரபராதி அன்று. நீர் கிடைக்கும்போது கட்டி வைத்துக்கொள்வோம், நாளை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் வயலுக்கு வயல் வழியவிட்டுப் பாய்ச்சும்போது, மேல்வயலின் உரமும் உப்பும் கீழ்வயலில் போய்ச் சேருகின்றன. முறை வைத்து, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் நெல்லுக்கும் நல்லது, நிலத்துக்கும் நல்லது.

வீட்டுக் கணக்கில் விழும் நஷ்டம்

இந்த நோயின் கொடுமை அதன் நிதானத்தில் இருக்கிறது. வெள்ளம் அடித்துக்கொண்டு போனால் அதிகாரிகள் வருகிறார்கள், கணக்கெடுக்கிறார்கள், நிவாரணம் பேசப்படுகிறது. வருஷத்துக்கு ஒரு மூட்டை, இரண்டு மூட்டை என்று குறைந்துகொண்டே போகும் விளைச்சலை எந்த வெள்ளக் கணக்கிலும் யாரும் சேர்ப்பதில்லை.

ஊறல் நிலத்தில் அறுவடைக்கு டயர் வண்டி இறங்காது. பெல்ட் வண்டிதான் வேண்டும். அதற்கு மணிக்கு வாடகை அதிகம். நெல் முடிந்ததும் எஞ்சிய ஈரத்தில் தெளிக்கவேண்டிய உளுந்து, ஈரம் மிஞ்சியதால் முளைக்குமுன் அழுகிவிடுகிறது. ஒரு போகத்தின் கைச்செலவுக்கு ஆதாரமாக இருந்த அந்தச் சிறு பயிர் போய்விட்டால், அடுத்த போகத்தின் முதல் செலவு கடனாகவே தொடங்கும்.

பயிர் மஞ்சளிக்கிறது என்று யூரியா போடுகிறோம். களர் நிலத்தின் மஞ்சள் பெரும்பாலும் துத்தநாகப் பற்றாக்குறையின் அடையாளம். யூரியாவினால் அது தீராது. உரச்செலவு இரட்டிப்பாகி, விளைச்சல் பாதியாகி, குத்தகைக்காரர் குத்தகையை விட்டுவிட, நஞ்சை தரிசாகிறது. தரிசில் முதலில் வருவது வேலிக்கருவை, அதற்கடுத்து வருவது மனை வியாபாரி.

நெல் ஓரளவு தாங்கும். பாவூர்சத்திரம் சந்தைக்கு வரும் சின்ன வெங்காயமும், புளியங்குடியின் எலுமிச்சையும், பயறு வகைகளும் உப்புக்கு மிகவும் கூசும் பயிர்கள். பருத்தியும் தென்னையும் தாங்கும் என்பதால் எல்லோரும் பருத்திக்கும் தென்னைக்கும் போய்விட முடியாது. இந்த மாவட்டத்தின் பணப்பயிர்கள் பல, உப்பு முதலில் கொல்லும் பயிர்கள் என்பதை நாம் நினைவில் வைக்கவேண்டும்.

பழைய உலகத்தின் பாடம்

யூப்ரடீஸ், டைகிரிஸ் நதிகளின் நடுவே நாகரிகத்தை வளர்த்த சுமேரியர்கள் வாய்க்கால் வெட்டுவதில் சமர்த்தர்கள். அவர்கள் நாட்டின் தென்பகுதியில் சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் கோதுமையும் பார்லியும் ஏறக்குறையச் சமமாக விளைந்தன என்றும், உப்பைத் தாங்காத கோதுமை படிப்படியாகக் குறைந்து, கி.மு. 1700 அளவில் அங்கே முற்றிலும் கைவிடப்பட்டது என்றும் ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற இரு அறிஞர்கள் 1958இல் எடுத்துக்காட்டினார்கள். வாய்க்கால் அறிந்த அந்த ஜனங்கள் வடிகாலை அறியவில்லை.

நம் தேசத்திலேயே, மேற்கு யமுனைக் கால்வாயின் கரையில் கர்னாலுக்கு அருகே உள்ள மூனக் கிராமத்தார், தங்கள் வயல்கள் உப்புப் பூப்பதாக 1855இலேயே முறையிட்டார்கள். எகிப்தில் அஸ்வான் அணை 1970இல் முடிந்து வருஷம் முழுவதும் நீர் பாய்ந்தபின், நைல் நதிப் படுகையில் நிலத்தடி வடிகால் குழாய்களைப் பதிக்க அந்நாடு பெரும் பொருள் செலவிட நேர்ந்தது.

நம்பிக்கையளிக்கும் பாடமும் உண்டு. 1969இல் கர்னாலில் மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிலையம் தோன்றிய பின், பஞ்சாப், ஹரியானா, உத்தரப்பிரதேசம் ஆகிய மாநிலங்களிலும் பிறவிடங்களிலுமாகச் சுமார் 20 லட்சம் ஹெக்டேர் களர் நிலம் ஜிப்சத்தினால் திருத்தப்பட்டு நெல்லும் கோதுமையும் விளையும் பூமியாக மாறியிருக்கிறது.

தமிழர்களாகிய நமக்குக் களர் புதிய சொல் அன்று. கல்வி இல்லாதவரைப் பயன் தராத களர் நிலத்துக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். களரில் தோண்டிய கிணற்று நீரில் ஆடை வெளுத்த செய்தி புறநானூற்றில் இருக்கிறது. களர் என்றால் கைவிடப்பட்டது என்று பொருள் கொண்டிருந்த காலம் அது; இன்று அதற்குச் சிகிச்சை உண்டு.

ஒரு கண்ணாடிக் குவளையில் பரீட்சை

ஆய்வுக்கூடத்துக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு முதற்பரீட்சை செய்து பார்க்கலாம். கண்ணாடிக் குவளையில் மழைநீரை ஊற்றி, நெல்லிக்காய் அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாக உள்ளே விட்டுக் கலக்காமல் வைத்துவிடுங்கள். கிணற்று நீர் ஆகாது. அதிலுள்ள உப்பு பரீட்சையைக் கெடுத்துவிடும்.

நல்ல மண் கரைந்து விழுந்தாலும், சுற்றியுள்ள நீர் தெளிவாகவே இருக்கும். களர் மண்ணானால் கட்டியைச் சுற்றி முதலில் புகைபோல ஒரு கலங்கல் எழும். சில மணி நேரத்தில் குவளை முழுவதும் பால் கலந்ததுபோல மங்கும். மறுநாள் காலையிலும் தெளியாது. சோடியம் துகள்களைப் பிரித்து மிதக்க வைப்பதைக் கண்ணெதிரே பிரத்தியட்சமாகக் காணலாம். உவர் மண்ணில் வெள்ளைப் பூப்பு இருந்தாலும் நீர் விரைவில் தெளிந்துவிடும்.

இது சந்தேகத்தை எழுப்பும் பரீட்சை மட்டுமே. ஜிப்சம் எவ்வளவு என்பதை மண் ஆய்வுக்கூடம்தான் சொல்லவேண்டும். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, ஆய்க்குடிக்கு அருகே ஊர்மேலழகியானிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகினால் வழிகாட்டுவார்கள். மண்ணோடு கிணற்று நீரையும் ஒரு புட்டியில் எடுத்துச் செல்வது அவசியம்.

சிகிச்சையின் வரிசை

வடிகாலே முதற்காரியம். கரையடியில் கசிவு ஊறும் இடத்தில், கரைக்கு இணையாக ஒரு பள்ளம் வெட்டிக் கசிவை இடைமறித்து ஓடையில் விட்டால், அதற்குக் கீழுள்ள பல வயல்கள் ஒருசேரப் பிழைக்கும். கரையின் அடியைத் தோண்டிப் பலவீனமாக்கிவிடாமல், நீர்வளத் துறையின் பொறியாளர் காட்டும் தூரத்தில் இதை வெட்டவேண்டும். வயலுக்குள் மூன்றடி ஆழ வடிகாலே பெரும்பாலும் போதும்.

களர் நிலத்தை அடுத்தபடியாகச் சமன்செய்து, சிறு பாத்திகளாகப் பிரித்து, உறுதியாக வரப்பிட்டு, உழுது, ஜிப்சத்தைச் சீராகத் தூவி மேல்மண்ணில் மட்டும் கலக்கவேண்டும். நெல்லுக்கு, பரீட்சை சொல்லும் தேவையில் பாதியளவு ஜிப்சமே போதும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு.

பிறகு நான்கு அங்குல உயரத்துக்கு நல்ல நீரைக் கட்டி, ஒரு நாள் நிறுத்தி, வடித்துவிடவேண்டும். இப்படி நான்கைந்து முறை. ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியே தள்ளும். தள்ளப்பட்ட சோடியத்தை நீர் சுமந்துகொண்டு போகவேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போடுவது, துணியைத் துவைத்துவிட்டு அழுக்கு நீரிலேயே ஊறப்போடுவதற்குச் சமம்.

அதன்பின் பசுந்தாள் உரம். ஏக்கருக்கு இருபது கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, நாற்பத்தைந்து நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், அது மண்ணைத் திறந்துவிடும். தக்கைப்பூண்டு களரையும் தேங்கிய நீரையும் ஒருங்கே தாங்கும் செடி. நாற்று நடும்போது குத்துக்கு ஒன்றிரண்டு நாற்று அதிகம் வைத்து, துத்தநாக சல்பேட்டைத் தவறாமல் இடவேண்டும்.

திருச்சிராப்பள்ளி நாவலூர் குட்டப்பட்டில், களர் நிலத்தின் நடுவிலேயே அமைந்த அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியிலிருந்து வந்த திருச்சி 1, திருச்சி 3 முதலிய நெல் ரகங்கள் இத்தகைய நிலத்துக்கென்றே உருவானவை. கிணற்று நீரில் சோடாத்தன்மை மிகுந்தால், கிணற்றடித் தொட்டியில் ஜிப்சக் கட்டிகளை அடுக்கி அதன் வழியே நீரை ஓடவிட்டுப் பாய்ச்சலாம்.

இங்கேதான் தென்காசிக்கு வாய்த்த பாக்கியத்தைக் குறிப்பிடவேண்டும். உப்பைக் கழுவுவதற்கு இனிய நீர் கிடைக்காமல் பல மாவட்டங்கள் தவிக்கின்றன. நமக்கோ ஆனி, ஆடியில் சாரலும், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் என வருஷத்துக்கு இருமுறை மலை நல்ல நீரை அனுப்புகிறது. ஆற்றில் நீர் பெருகியிருக்கும் அந்த நாட்களில் கழுவினால், வடியும் உப்பு வெள்ளத்தில் கரைந்து சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியில் சேர்ந்துவிடும். கோடையில் வடித்தால் அடுத்த குளத்துக்காரன் தலையில் அதே உப்பைச் சுமத்துவதாகும். எனவே பருவமறிந்து கழுவுவது தர்மமும் ஆகும்.

செய்யவேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு குளத்தின் பாசனப் பரப்புக்கும் ஒரு வடிகால் வரைபடம் வேண்டும். கிராம வரைபடத்திலும் புலப்படத்திலும் ஓடைப் புறம்போக்கு என்று குறித்திருப்பதையும், இன்று நிலத்தில் எஞ்சியிருப்பதையும் ஒப்பிட்டு, ஊராட்சி மன்றச் சுவரில் எழுதி வைக்கவேண்டும்.

இரண்டாவதாக, குளம் தூர்வாரவும் மடை பழுதுபார்க்கவும் பணம் ஒதுக்கும்போதெல்லாம், அந்தக் குளத்தின் கீழுள்ள வடிகாலுக்கும் ஒரு பங்கைச் சேர்த்தே ஒதுக்கவேண்டும். ஊரக வேலை உறுதித் திட்டத்தின் உழைப்பை இதற்குத் திருப்புவது எளிது. ராமநதி–ஜம்புநதி மேல்மட்டக் கால்வாயைப் போன்ற புதிய கால்வாய்களைத் திட்டமிடும்போதே, அவற்றின் நீர் வடியும் வழியையும் கூடவே வரைந்துவிடவேண்டும்.

மூன்றாவதாக, நஞ்சையின் குறுக்கே சாலையோ மனைப்பிரிவோ அமையுமுன், அந்தப் பரப்பின் பாசனதாரர்களை அழைத்து, நீர் கடக்கும் ஒவ்வோர் இடத்தையும் அவர்கள் கண்ணெதிரே அடையாளமிட்டு, சிறுபாலத்தின் அடிமட்டத்தை வயல்மட்டத்துக்குக் கீழே வைக்கவேண்டும்.

நான்காவதாக, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் வடிகாலையும் தங்கள் கடமையாக ஏற்கவேண்டும். மேல்வயல்காரரும் கீழ்வயல்காரரும் ஒரே சங்கத்தில் உட்கார்ந்தால்தான் ஒருவர் வரப்பு மற்றவர் வயிற்றில் அடிக்காமல் இருக்கும்.

ஐந்தாவதாக, தமிழக அரசு 2024–25ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் மண்வளத்துக்கென ஒரு தனித் திட்டத்தை அறிவித்து, பசுந்தாள் உர விதைக்கும் களர் நிலச் சீர்திருத்தத்துக்கும் இடமளித்தது வரவேற்கத்தக்கது. அந்த ஜிப்சமும் விதையும் சித்திரை, வைகாசிக்குள் விவசாயியின் கைக்கு வந்தால்தான் சாரல் நீரில் கழுவ முடியும். ஐப்பசியில் வரும் ஜிப்சம் கொட்டகையில் தூங்கும்.

ஆறாவதாக, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையமும் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியும் சிற்றாற்றுப் பாசனத்தின் கிழக்குக் கோடியில், விவசாயியின் சொந்த வயலிலேயே, இரண்டு மூன்று மாதிரித் திடல்களை அமைக்கவேண்டும். திருந்திய வயலைக் கண்ணால் கண்டவனுக்கு நூறு பிரசங்கம் வேண்டியதில்லை.

சர்க்கார் செய்யவேண்டியவற்றைச் சர்க்கார் செய்யட்டும்; அதற்கான மனுவை மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். தண்ணீர் வரவில்லை என்ற மனுக்களின் நடுவே, தண்ணீர் வடியவில்லை என்ற மனுவும் ஒன்று இருக்கட்டும்.

நம் கையிலேயே இருக்கும் காரியம் ஒன்றும் உண்டு. அடுத்த பிசானத்துக்கு நாற்றங்கால் போடுமுன், ஒரு காலை வேளையில் உங்கள் வயலின் மிகத் தாழ்ந்த மூலையில் போய் நில்லுங்கள். இங்கே நிற்கும் நீர் எந்த வழியாக ஆற்றுக்குப் போகிறது என்று கேட்டுக்கொண்டு, அந்த வழியே பக்கத்து வயல்காரரையும் அழைத்துக்கொண்டு நடந்து போங்கள். வழி எங்கே அடைபட்டிருக்கிறதோ அங்கே மண்வெட்டியைப் போடுங்கள்.